நாலு விசில்

பாத்துங்க தம்பி, கால் படுது. பைக்குள்ள குக்கர் இருக்குது. மேல வைக்க வேண்டாமுங்க, பஸ் திரும்பறப்ப உருண்டு யார் மண்டையிலயாவது விழுகும். மடியிலயே வச்சுக்கறேன். அஞ்சு லிட்டர்தான், கனம் ஒண்ணுமில்லை.

என்ன சொன்னீங்க? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க. ஆ, சேலமுங்க. கொண்டலாம்பட்டியில இறங்கோணும், மக வீடு. கண்டக்டர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன், கூப்பிடறேன்னாரு. போன ஞாயித்துக்கிழமையும் ஒரு கண்டக்டர் இப்படித்தான் சொன்னாரு. கூப்பிடவே இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். கேட்டா, "மூணு தடவை கத்துனேன் பெரியவரே"ங்கறாரு. இந்தக் காலத்துல யார் வாயில உண்மை வருது?

முன்சீட்டு அம்மா என்னத்துக்குத் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க? பை அவங்களை இடிக்கலியே. சரி, உடுங்க. நீங்க அந்தக் காதுல வச்சிருக்கறதைக் கழட்டிப் போடுங்க தம்பி. எந்நேரமும் அதை மாட்டிட்டிருந்தா என்ற வயசு வர்றப்ப உங்களுக்குக் காது போயிரும்.

குக்கர்லதான் கோளாறு. அதை முதல்லயே சொல்லிப்போடறேன்.

எம் பேரு நாச்சிமுத்து. பள்ளிபாளையம். முப்பத்திரண்டு வருசம் தறி ஓட்டுனவன். என் சம்சாரம் பாவாயி. அவளும் அதே பட்டறையிலதான் தார் போட்டா. தறியில குறுக்க ஓடற நாடாவுக்குள்ள வைக்கிற சின்னக் கட்டை இருக்குது பாருங்க, அதுல நூல் சுத்திக் குடுக்கற வேலை. இருபத்திநாலு தறி ஒரே கொட்டகைக்குள்ள ஓடுனா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. பக்கத்துல இடி விழுந்தாக் கூடத் தெரியாது. அங்க பேச்செல்லாம் கையிலதான். தண்ணி வேணும்னா கட்டைவிரலை வாய்கிட்டக் கொண்டு போகோணும். முதலாளி வந்தா மீசையைத் தடவோணும். பாவாயி என்கிட்டப் பேசுன முதல் பேச்சே விரல்லதானுங்க. எத்தனை தார் வேணும், ஏழான்னு ஏழு விரலைக் காட்டுனா. எனக்கு அஞ்சு போதும். ஏழுன்னு தலையை ஆட்டிப் போட்டேன். ரெண்டு தாரை அதிகமாச் சுத்தட்டும், அந்த நேரம் எதிர்ல நிப்பாளே!

அப்புறம் கல்யாணம். கோகிலா பொறந்தா. ரெண்டு பேருக்கும் பட்டறை. காத்தால ஏழு மணிக்குத் தறி முன்னாடி நிக்கோணும். அதுக்குள்ள அவ மண்ணெண்ணெய் அடுப்புல பருப்பை ஏத்திட்டு அதையே பாத்துக்கிட்டு நிப்பா. துவரம்பருப்பு நம்ம அவசரத்துக்கு வேகுமுங்களா? எல்லாருக்கும் போட்டுக் குடுத்துட்டு, நின்னபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுட்டு, கையைச் சீலையில துடைச்சுக்கிட்டே ஓடி வருவா.

ஒரு தீபாவளி போனஸ்ல குக்கர் வாங்கிட்டு வந்தேன். எங்க வளவுலயே முதக் குக்கர் எங்க ஊட்டுதுதான். வெடிச்சுப் போகும்னு பயந்து மூணு நாள் தொடவே இல்லை. நாலாம் நாள் நான் குளிச்சுட்டு வர்றேன், சமையக்கட்டுல சுவத்துல சாஞ்சு, காலை நீட்டி, தட்டை மடியில வச்சுச் சாப்பிட்டுட்டிருக்கறா. கல்யாணமாகி ஒம்பது வருசத்துல அவ உக்காந்து சாப்பிட்டதை அன்னிக்குத்தானுங்க பாத்தேன். "என்ன பாக்கறீங்க, பருப்பு தானா வேகுது"ன்னா.

அன்னிக்குப் புடிச்ச பைத்தியம் தம்பி. சமையச் சாமானுன்னா உசுரு எனக்கு. சாய்க்கிற கிரைண்டர் வந்ததும் அதை வாங்குனேன். கல்லைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு போயிருந்துச்சு. தேங்காய் துருவற மிசின். கயித்தை இழுத்தா வெங்காயம் பொடிப்பொடியா நறுக்கற டப்பா. ஈரோடு பொருட்காட்சியில ஒருத்தன் முட்டை அவிக்கறதுக்குன்னே ஒண்ணு வித்தான், அதையும் விடலை. பாவாயி கேப்பா: "இதையெல்லாம் கழுவறதுக்கு எப்ப ஒரு மிசின் வாங்குவீங்க?" கேலிதான். ஆனா ஒவ்வொண்ணையும் துடைச்சுத் துணி போத்தி வைப்பா. ஆம்பளைக நகை வாங்கிக் குடுப்பாங்க, நான் அவளுக்குக் கை வலியை வாங்கி வெளிய போட்டேன். அதுல எனக்குப் பெருமைதான். சொல்றதுக்கு என்ன?

அத்தனை சாமானுலயும் குக்கர் மட்டும் எனக்கும் ஒரு வேலை குடுத்துச்சு. விசில் எண்ணற வேலை. அரிசிக்கு மூணு, பருப்புக்கு நாலு, கொண்டைக்கடலைக்கு ஏழு. அவ அடுப்புல ஏத்திட்டு, துணி காயப் போடறதுக்கோ கொழாயடிக்கோ போயிருவா. "ஏனுங்க, நாலு"ம்பா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டே எண்ணுவேன். நாலாவது அடங்கறதுக்குள்ள அடுப்பை நிறுத்திருவேன். ஒரு நாள் தப்புனதில்லை. அப்பா ஊட்டு வேலை ஒண்ணும் செய்யறதில்லைன்னு கோகிலா சொல்றப்பெல்லாம், "விசிலை யாரு உங்காத்தாளா எண்றா?"ன்னு கேப்பேன்.

என்னங்க? டீயா? வேண்டாமுங்க, பஸ் இங்கெல்லாம் நிக்காது. ஓ, மணி கேட்டீங்களா? பன்னெண்டரை.

அப்புறம் ஒரு அஞ்சு வருசமா, சாமானுக எல்லாமே தரம் கெட்டுப் போச்சுங்க. முதல்ல அந்தப் பழைய குக்கர். ஒரு நாள் பருப்பு அடி புடிச்சுப் போச்சு. விசிலே வரலை. வெயிட்டு போயிருச்சுன்னு புதுசு மாத்துனேன். அப்பவும் வரலை. குக்கரையே மாத்துனேன், இந்தா, மடியில இருக்குதே, இதுதான். இதுவும் அந்த லட்சணந்தான். ஒரு நாளைக்கு லேசா வரும், ஒரு நாளைக்கு வரவே வராது. கரண்டு அடுப்பு ஒண்ணு வாங்குனேன், நேரம் முடிஞ்சா 'கூ'ன்னு கத்தும்னு கடைக்காரன் சூடம் அடிச்சுச் சொன்னான். கத்துனதே இல்லை. மிக்சி ஒண்ணுதான் நல்லா அமைஞ்சுது. சத்தமே இல்லாத மிக்சி. அதுக்கும் பக்கத்தூட்டு மரகதம், "காத்தாலயே இந்தச் சத்தமா, கொழந்தை தூங்குது"ன்னு சண்டைக்கு வந்தா. பொறாமைன்னு வச்சுக்குங்க.

பாவாயியும் அந்த அஞ்சு வருசத்துல மாறிப் போனா. பேச்சைக் கொறைச்சுப் போட்டா. ஏதாவது சொல்லோணும்னா எதிர்ல வந்து நின்னு, என் மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுவா. பாதிக்குப் பாதி விரல்தான். கொல்லையில துணி போட்டுட்டிருக்கறவ அவசரமா வந்து, சமையக்கட்டு வாசப்படியில நின்னு நாலு விரலைக் காட்டுவா. அப்படின்னா நாலு விசில் ஆச்சு, நிறுத்துங்கன்னு அர்த்தம். நான் எந்திரிச்சுப் போய் நிறுத்துவேன். அவளே நிறுத்தலாம், அடுப்பு ரெண்டு எட்டுல இருக்குது. நிறுத்த மாட்டா. என்னைத்தான் நிறுத்தச் சொல்லுவா. நான் எண்ணி முடிக்கறதுக்குள்ள வந்துட்டா பாருங்க, அவசரக்காரின்னு நினைச்சுக்குவேன். "ஏம் புள்ளை, இதென்ன பட்டறையா? வாயைத் தொறந்து சொன்னா என்ன?"ன்னு ஒரு நாள் வஞ்சுட்டேன். சிரிச்சா. ஒண்ணும் சொல்லலை. இல்லை, என்னமோ சொன்னா. அப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, அதனால எனக்கு வெளங்கலை.

கேக்கறீங்களா தம்பி? சரி.

ஆடிப் பெருக்குக்கு மறுவாரம். காத்தாலப் பதினோரு மணி இருக்கும். நான் டிவியில நியூஸ் பாத்துட்டிருந்தேன். எனக்குப் பேச்சு வேண்டாம், கீழ எழுத்து ஓடுமில்லீங்களா, அதைப் படிச்சாப் போதும். பாவாயி வாசப்படியில வந்து நின்னு, கட்டைவிரலை மடக்கிக்கிட்டு நாலு விரலைக் காட்டிட்டு உள்ள போனா. ஏத்துனதும் இப்படி ஒரு தடவை காட்டுனா, பருப்பு போட்டிருக்கேன், நாலு எண்ணுங்கன்னு அர்த்தம்; நாலு ஆனதும் மறுபடி வந்து காட்டுவா. சரின்னு தலையை ஆட்டுனேன்.

எண்ணறதுக்குத் தயாரா உக்காந்திருந்தேன். ஒரு விசிலும் வரலை. அடுப்பைச் சின்னதா வச்சிருப்பான்னு நினைச்சேன். நேரம் போச்சு. அவளும் வந்து விரலைக் காட்டலை. அவ காட்டலை, அதனால நானும் எந்திரிக்கலை. தீய்ஞ்ச வாடை வந்துச்சு. மரகதம் ஊட்டுலதான் எதையோ கருக்கிட்டான்னு நினைச்சு, மனசுக்குள்ள சிரிச்சுக்கூட வச்சேனுங்க.

புகை கண்ணுக்குத் தெரிஞ்சப்பத்தான் எந்திரிச்சேன். உள்ள போய்ப் பாத்தா, தொட்டிக்குப் பக்கத்துல விழுந்து கெடக்கறா. கண்ணு முழிச்சிருக்குது. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. வலது கை துணி மாதிரி கெடக்குது. இடது கையில ஒரு எவர்சில்வர் டம்ளரைப் புடிச்சிருக்கறா. மேல குக்கர் சேஃப்டி வால்வு போய்ப் பொகை கக்குது. அவ என்னையப் பாத்த பார்வை இருக்குதே... அதை உடுங்க.

ஆஸ்பத்திரியில டாக்டர், "எப்ப விழுந்தாங்க?"ன்னு கேட்டாரு. நான் எப்படிச் சொல்றது? அடுப்புல பருப்பு கரியாகிப் போச்சுன்னு மட்டும் சொன்னேன். "பருப்பு கரியாகற அளவுக்கு நேரமாச்சுன்னா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கும், சீக்கிரம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்"னாரு. எதுத்தாப்புல நின்னு மெதுவாத்தான் சொன்னாரு, அந்தப் பேச்சு மட்டும் எனக்கு ஒரு எழுத்து விடாம வெளங்கிருச்சு. வலப்பக்கம் வேலை செய்யலை. பேச்சு சுத்தமாப் போயிருச்சு.

கோகிலா சேலத்துலிருந்து ஓடியாந்தா. அழுதுக்கிட்டே கேட்டா: "அம்மா உங்களைக் கூப்பிடவே இல்லீங்களாப்பா?" கூப்பிடலைன்னேன். சத்தியமாக் கூப்பிடலைன்னேன். அந்த மரகதம் நடுவுல பூந்து, "டொம்மு டொம்முன்னு தரையில அடிக்கிற சத்தம் எங்கூட்டுக்கே கேட்டுச்சு, நான் வந்து கதவைத் தட்டுனேன், அண்ணன் தொறக்கவே இல்லை"ன்னு சொன்னா. பொய்யி. அப்படின்னேன். அவளுக்கு மிக்சி விசயத்துல எம்மேல காட்டம்.

நாலு மாசமாச்சுங்க. பாவாயி மக ஊட்டுல கெடக்கறா. நான் ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வர்றேன். போறப்பெல்லாம் கேக்கறேன், உங்கம்மாளை என்கூட அனுப்பு, நான் பாத்துக்கறேன், கஞ்சி காய்ச்சத் தெரியும், கரைச்சு ஊத்தத் தெரியும், துணி மாத்தத் தெரியும், அத்தனைக்கும் ஊட்டுல சாமான் இருக்குது. மாப்பிள்ளை நல்ல மனுசன், தலையைக் குனிஞ்சுக்குவாரு. மகதான் ஒரே புடி. "அம்மாவால கூப்பிடவே முடியாதுங்கப்பா. ஒரு தட்டைத் தட்டுனாக்கூட உங்களுக்குக் கேக்காது. உங்ககிட்ட எப்படி உடறது?"ங்கறா. காது டாக்டரைப் பாக்கோணுமாம். நானா? முப்பத்திரண்டு வருசம் தறிச் சத்தத்துக்குள்ள நின்னு, ஒரு இழை அறுந்தாக்கூடக் கண்டுபுடிச்சவன் நானுங்க!

கண்ணுல பாத்துத்தான் கண்டுபுடிப்பேன். அது வேற.

போன வாரம் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். மககிட்டச் சொன்னேன், "குக்கர்லதான் கோளாறு. அது விசில் அடிச்சிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன், போயிருந்தா உங்கம்மாளைப் பாத்திருப்பேன். சர்வீஸ் கடையில குடுத்து எழுதி வாங்கிட்டு வர்றேன். கோளாறுன்னு எழுதிக் குடுத்தா உங்கம்மாளை என்கூட அனுப்போணும்." அவ சரின்னு தலையை ஆட்டுனா. அழுதா. எதுக்கு அழுதான்னு எனக்கு அப்பத் தெரியலை.

இன்னிக்குக் காத்தால ஈரோடு போனேன். மணிக்கூண்டுக்குப் பக்கத்துல ஒரு சந்துல சர்வீஸ் கடை. கண்ணாடி போட்ட மெக்கானிக், என்ற வயசுக்காரரு. கரியெல்லாம் தேய்ச்சு, வால்வும் ரப்பரும் மாத்துனாரு. "வெயிட்டு?"ன்னேன். "வெயிட்டு நல்லா இருக்குதுங்க, அதை மாத்தலை"ன்னாரு. அதுலதானே கோளாறுன்னு நான் சண்டை புடிச்சேன். அவரு தண்ணி ஊத்தி மூடி, அங்கயே இருந்த அடுப்புல ஏத்தி, அதே வெயிட்டைப் போட்டு, முன்னால ஒரு ஸ்டூலு போட்டு என்னை உக்கார வச்சாரு.

கடையில ஒரு பொம்பளை மிக்சி ஜாருக்குக் காத்துட்டிருந்தா. கூட ஒரு சின்னப் புள்ளை, நாலு வயசு இருக்கும், கையில முறுக்கு. நான் குக்கரையே பாத்துட்டிருந்தேன். ஆவி வந்துச்சு. வெயிட்டு அசைஞ்சுது. அப்புறம் மேல எழும்பி ஒரு ஆட்டம் ஆடுச்சு. ஆவி புஸ்ஸுன்னு சீறுது, கண்ணுக்குத் தெரியுது. சத்தம் எங்கடா, சத்தம் எங்கடான்னு நான் காத்துட்டிருக்கேன்.

அந்தச் சின்னப் புள்ளை முறுக்கைக் கீழ போட்டுட்டு ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு. அவங்கம்மா சிரிச்சுக்கிட்டே தூக்கிக்கிட்டா.

நான் மெக்கானிக்கைப் பாத்தேன். அவரு என்னையப் பாத்துக்கிட்டு ஒரு விரலைக் காட்டுனாரு. கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு. அப்புறம் மூணு. நாலாவதுக்குக் கட்டைவிரலை மடக்கி, நாலு விரலைக் காட்டுனாரு தம்பி. அதே மாதிரி. வாசப்படியில நின்னு அவ காட்டுவாளே, அதே மாதிரி.

அடுப்பை நானே எந்திரிச்சு நிறுத்துனேன்.

அவரு பக்கத்துல வந்து, வாயை நல்லாத் தொறந்து கேட்டாரு: "தறி ஓட்டுனீங்களா?" ஆமான்னேன். "எங்கண்ணனும்தானுங்க"ன்னாரு. ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாரு. விசில் நன்றாக வேலை செய்கிறதுன்னு. இந்தா, சட்டைப் பையில இருக்குது. இதைத்தான் மககிட்டக் கொண்டு போறேன்.

கொண்டு போகாம இருக்கலாம். கிழிச்சுப் போட்டுட்டு, கடை பூட்டிக் கெடந்துச்சுன்னு சொல்லலாம். பஸ் ஸ்டாண்டுல அரை மணி நேரம் அதைத்தான் யோசிச்சுட்டு உக்காந்திருந்தேன். உங்ககிட்டயும் ஏறுனதும் குக்கர்ல கோளாறுன்னுதானே சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பாத்தேன், ஒட்டலை.

குக்கர் அன்னிக்கும் அடிச்சிருக்குது. நாலு அடிச்சு, பத்து அடிச்சு, தண்ணி தீர்ற வரைக்கும் அடிச்சிருக்குது. அப்படின்னா அவளும் கூப்பிட்டிருக்கறா. பேச்சு போறதுக்குள்ள "ஏனுங்க"ன்னு கூப்பிட்டிருப்பா. அப்புறம் வாய் வராம, எட்டுன டம்ளரை எடுத்துத் தரையில அடிச்சிருக்கறா. அந்த டம்ளர் ஊட்டுல இருக்குதுங்க. விளிம்பு ஒரு பக்கமா நசுங்கிக் கெடக்குது. ஒரு நசுக்கு இல்லை, மேல மேல விழுந்த நசுக்கு. விழுகறப்ப நசுங்கியிருக்கும்னு நாலு மாசமா அதுலதான் நான் தண்ணி குடிச்சேன்.

பதினஞ்சு அடி தூரந்தான் தம்பி. நான் சேர்ல, அவ தரையில.

அஞ்சு வருசமா அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. ஊருக்குச் சொல்லலை, மகளுக்குச் சொல்லலை, எனக்கே சொல்லலை. நான்தான் எண்றேன்னு நான் நினைக்கட்டும்னு கொல்லைக்கும் வாசப்படிக்கும் ஓடி ஓடி எண்ணிக் காட்டியிருக்கறா. அவ நின்னுக்கிட்டே சாப்பிடறான்னு குக்கர் வாங்குனவன் நான். கடைசியில அந்தக் குக்கருக்காகவே அவளை ஓட வச்சிருக்கேன்.

இப்பப் போய் அவ கட்டில்ல உக்காரப் போறேன். மககிட்டச் சீட்டைக் குடுத்துருவேன். அனுப்பு, அனுப்பாத, இனிமே நான் கேக்க மாட்டேன். காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போன்னு மட்டும் சொல்லுவேன். அப்புறம் பாவாயிகிட்ட ஒண்ணு கேக்கோணும். எத்தனை தடவை கூப்பிட்ட புள்ளைன்னு கேக்கோணும். பேச்சு இல்லைன்னா என்ன, அவளுக்கும் எனக்கும் பேச்சு எப்பவுமே விரல்லதானே. இடது கை நல்லாத்தான் இருக்குது, காட்டுவா.

ஒரு கைதானுங்க இப்ப. அஞ்சு விரலுக்கு மேல காட்ட முடியாது. அதுக்கு மேல கூப்பிட்டிருந்தா எப்படிக் காட்டுவா?

நீங்க என்னத்துக்குத் தம்பி கண்ணைத் துடைக்கறீங்க? உடுங்க, உடுங்க. எனக்கு ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க. கொண்டலாம்பட்டி வந்தாக் கையைத் தொட்டுச் சொல்லுங்க. கண்டக்டர் கூப்பிடத்தான் கூப்பிடுவாரு. எனக்குக் காது கேக்காதுங்க.